கைவிலங்கு: பெயர்ச்சொல்

பள்ளி அகராதி அச்சுக்குப் போகிற நாள். மெய்ப்புத் தாள்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்த மெய்ப்பு பார்ப்பவள், 'கை' என்று தொடங்கும் சொற்கள் வந்ததும் நின்றுவிட்டாள்.

'கைவிலங்கு: (பெ.) குற்றவாளிகளின் கைகளைப் பிணைக்கும் இரும்பு வளையம். எ.கா: திருடனுக்குக் கைவிலங்கு மாட்டினர்.'

"என்னக்கா, அந்தப் பக்கத்துலயே குடித்தனம் வச்சுட்டீங்க?" என்றார், கணினியில் பக்கம் அமைப்பவர். அவள் பேனாவை எடுத்தாள். காலையில் வணக்கம் சொன்னால் சாயங்காலம்தான் அவளிடமிருந்து திரும்பி வரும் என்று அவர் கேலி செய்வதுண்டு.

'குற்றவாளிகளின்' என்பதை அடித்து 'பிடிபட்டவரின்' என்று எழுதினாள். எடுத்துக்காட்டை முழுதாகவே அடித்தாள். தாளை ஆசிரியர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இதென்னம்மா புதுசா?"

"விலங்கு மாட்டும்போதே குற்றவாளின்னு எப்படி சார் சொல்றது? கோர்ட்டு இன்னும் விசாரிக்கவே இல்லையே."

"எல்லா அகராதியிலயும் இப்படித்தான் இருக்கு."

"எல்லாம் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதினதுதானே சார்."

பக்கம் அமைப்பவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"பத்து வயசுப் பிள்ளைங்க படிக்கிறதும்மா. அதுங்ககிட்ட போய் சட்டம் பேச முடியுமா? திருடன்னு சொன்னா சட்டுனு புரிஞ்சுக்கும்."

"அதுதான் சார் பயமா இருக்கு."

அவளுடைய மகளுக்குப் பத்து வயது. கணவன் மின்பணியாளன். போன வருடம் அவன் வேலை செய்த கட்டடத்தில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. போலீஸ்காரர்கள் அவன்மேல் சந்தேகப்பட்டு, கடைத்தெரு வழியாக விலங்கோடு நடத்திக் கூட்டிப் போனார்கள். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. பல மாதம் கழித்து, அவனுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நீதிமன்றம் சொன்னபோது வேடிக்கை பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. இப்போதும் மகள் வகுப்பறைக்குள் நுழைந்தால் இரண்டு பெண்கள் மணிக்கட்டின்மேல் மணிக்கட்டை வைத்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். அடுத்த பருவத்தில் அந்த வகுப்புக்கு இதே அகராதிதான். அந்த டீச்சர் ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படிக்கச் சொல்கிறவர்.

அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. அவர்களுக்கு அவன், சாயங்காலம் கேட்டருகே காத்து நிற்கும் ஒரு நெட்டை மனிதன். அவ்வளவுதான். இங்கே வாய் திறப்பதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

நின்றுகொண்டே இருந்தாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஆசிரியர், அடித்ததைத் திரும்ப எழுதப் பேனாவைத் திறந்தார்.

"என் வீட்டுக்காரருக்கு மாட்டினாங்க சார்."

பேனா நின்றது.

"கடைத்தெரு முழுக்க நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அவர் எடுக்கலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. இந்தப் பக்கத்துல அவர் யாரு சார்?"

ஆசிரியரின் குரல் இறங்கியது. "அடடா... முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. சரி, உங்களுக்காக மாத்திடலாம்."

"எனக்காக வேண்டாம்."

"பின்னே?"

"தப்புன்னு மாத்துங்க. பாவம் பார்த்து மாத்தினா, அடுத்த பதிப்புல வேற யாராவது வந்து அந்தத் திருடனை மறுபடி கொண்டாந்து உட்கார வச்சுடுவாங்க. தப்பா, சரியா, நீங்களே சொல்லுங்க சார். சரின்னா அப்படியே போகட்டும். முன்பக்கத்துல என் பேரை மட்டும் எடுத்துடுங்க."

"என்னம்மா இது, ஒத்தைக்கால்ல நிக்கிறீங்க?"

"ஆமா சார்."

தொலைபேசி அடித்தது. அச்சகம். ஆசிரியர் அதை அடிக்க விட்டுவிட்டு, பதிவை உதடு அசைய ஒரு முறை படித்தார். மறுபடியும் ஒரு முறை. அப்புறம்தான் தொலைபேசியை எடுத்தார்.

"ஒரு பக்கத்துல தப்பு இருக்கு. என் தப்புதான். திருத்தி அனுப்புறேன், காத்திருங்க."

வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "எடுத்துக்காட்டு? ஒரு வரிதான் இடம்."

அவள் குனிந்து எழுதினாள்: 'விசாரணைக்கு முன்பே அவருக்குக் கைவிலங்கு மாட்டினர்.'

பக்கம் அமைப்பவர் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் இடிக்குதுக்கா. 'அவருக்கு'ங்கிறதை எடுத்துட்டா வரி அடங்கிடும்."

"வேற எதையாவது சுருக்குங்க," என்றாள். "அவர் இருக்கட்டும்."