வைதேஹியின் பெயரில் ஒரு எக்ஸ்ரே

பத்ரிக்குத் தன் மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு மறந்துவிடும். ஆயிரக்கணக்கான மார்பக எக்ஸ்ரேக்களைக் காட்டிக் காட்டி, எது புற்றுநோய், எது இல்லை என்று அவன் கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் பழக்கியிருந்தார்கள். டாக்டர் கண்ணுக்குத் தப்பினாலும் அதன் கண்ணுக்குத் தப்பாதாம். ஜூன் வெயிலில் ஜனக்புரியில் இலவச முகாம் போட்டபோது, முதல் ஆளாகத் தன் அம்மா வைதேஹிதான் வர வேண்டும் என்று அடம்பிடித்தான்.

மத்திய சர்க்காரில் அண்டர் செகரட்டரியாக இருந்து ஆபீஸையே நடுங்கவைத்தவள் வைதேஹி. ஆனால் இந்த எக்ஸ்ரே என்றதும் அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. மகனிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, தன் ஆதார் நகலைக் கொடுத்து, வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மாவை அனுப்பிவைத்தாள்.

"என் பேரைச் சொல்லிட்டு வந்துடு. யாரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்கவில்லை. மெஷின் மட்டும் பார்த்தது.

மறுநாள் சாயங்காலம் பத்ரி அழுதுகொண்டே வந்தான். இடது மார்பில் கட்டியாம். டாக்டரும் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்கிறாராம். யார் யார் காலையோ பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைக்கே சதைப் பரிசோதனைக்கு இடம் வாங்கியிருந்தான். அப்பா சேஷு திருப்பதியில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டார், இறக்குவதற்கு அதிகம் இல்லாவிட்டாலும்.

இதற்கு மேல் மறைக்க முடியாமல் வைதேஹி உண்மையைச் சொன்னாள்.

"அப்போ நீ இல்லையா? பெருமாளே, காப்பாத்திட்டே!" சேஷு குதிக்காத குறைதான். பத்ரி அம்மாவைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதான், இந்தத் தடவை சந்தோஷத்தில். கையோடு போனை எடுத்து வியாழக்கிழமையை ரத்து செய்தான். அம்மா பேரில் அப்படி ஒரு படம் இருக்கவே கூடாது என்று, கம்பெனியில் சொல்லி அதையும் அழிக்கவைத்தான். சொல்லவே நாக்கூசுகிறது, அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் முத்தம்மாவின் நினைவு வரவில்லை.

அவள் சமையலறையில்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அப்ப அந்தக் கட்டி எனக்குத்தானா தம்பி? வியாழக்கெழம நான் எத்தினி மணிக்குப் போவணும்?"

பத்ரி அவசரமாகப் போனைத் தட்டினான். அந்த இடம் அதற்குள் வேறு யாருக்கோ போயிருந்தது. அடுத்தது தீபாவளிக்கு அப்புறம்தான்.

பத்ரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு வைதேஹிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"வியாழக்கிழமை நீ வேலைக்கு வர வேண்டாம், முத்தம்மா. ஆத்துல ரெஸ்ட் எடுத்துக்கோ. சம்பளத்துல பிடிக்க மாட்டேன்."