பழியை ஏற்ற ரோஜா மிட்டாய்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவிட்டுச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடும் கூடம் அது. ஸ்பிரிட் வாடை, ஃபினாயில் வாடை, வாந்தியின் புளிப்பு வாடை மூன்றும் கூட்டணி வைத்து அங்கே ஆட்சி நடத்தின. நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்க வந்த பயிற்சி டயட்டீஷியன் உள்ளே நுழைந்தாலே, காலையில் சாப்பிட்டது தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அவன் சொன்ன முதல் யோசனையே குட்டிச்சுவராகப் போனது. லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவருக்கு எடை இறங்கிக்கொண்டே வந்தது. “மருந்து ஏத்துற அன்னிக்கு அவருக்கு ரொம்பப் பிடிச்சதைக் குடுங்கம்மா” என்று அவர் மனைவியிடம் சொல்லிவைத்தான். அந்த அம்மாவும் வெங்காய ஆம்லெட் கொண்டுவந்து ஊட்டினார். மருந்து உள்ளே போகப் போக, ஆம்லெட் போன வழியே திரும்பி வந்தது. பாதி வாளியில், மீதி பயிற்சிப் பையனின் சட்டையில்.

அடுத்த முறை லாரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வெங்காயம்னாலே குடல் புரளுது. இவ கை நாறுது. கிட்ட வந்தாலே ஓங்கரிக்குது.”

மனைவி கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சோப்பில் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

தலைமை டயட்டீஷியனை எல்லோரும் ‘கலோரி மேடம்’ என்பார்கள். “மருந்து நேரத்துல பிடிச்சதைக் குடுக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?” என்றார்.

புண்ணியவான் தன் செருப்பைப் பார்த்தான்.

“வயிறு மருந்தைத் திட்டாது தம்பி, கூட வந்த சாப்பாட்டைத்தான் திட்டும். இப்படியே போனா அந்தம்மா சமைக்கிற எல்லாத்தையும் வெறுத்துடுவாரு. இன்னும் எடை இறங்கினா மூக்கு வழியா குழாய்தான்.”

“குழாயா? நான் என்ன டீசல் டேங்கா?” என்றார் லாரிக்காரர்.

யார் மேலாவது பழி விழுந்தே தீரும் என்றால், சொந்தபந்தம் இல்லாத ஒன்றின் மேல் விழட்டுமே! பயிற்சிப் பையன் கடையில் இருந்ததிலேயே கேவலமான ரோஜா மிட்டாயை வாங்கிவந்தான். குளியல் சோப்பை நக்குவது போலிருந்தது.

“அம்மா இங்க எதுவும் ஊட்ட வேணாம். மருந்து ஏறும்போது இது மட்டும் வாயில இருக்கட்டும்.”

“இதை மனுஷன் திம்பானா?” என்றார் லாரிக்காரர்.

“வெறுக்கறதுக்குத்தாங்க குடுக்கறேன். வெறுப்பையெல்லாம் இது மேலயே கொட்டிடுங்க.”

“அப்ப நீயும் போடு.”

போட்டான். இருவரும் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரர் ரோஜா நிறத்தில் வாளிக்குள் கக்கினார். பயிற்சிப் பையன் கைகழுவும் தொட்டிக்கு ஓடினான். ஒவ்வொரு மருந்து நாளும் இதே கச்சேரி.

ஒரு காலை, எடை மெஷினில் நின்றிருந்த லாரிக்காரர் இவனைக் கண்டதும் வாளியைத் தேடினார். “டேய், கிட்ட வராதே! உன் மூஞ்சியைப் பாத்தாலே சோப்பு நாத்தம் அடிக்குது!”

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி” என்று மனைவி நெளிந்தார். “நேத்து உருளைக்கிழங்கு மசிச்சு, என் கையாலதான் ஊட்டினேன். இன்னும் கொஞ்சம் குடுன்னாரு.”

மெஷினின் முள் இந்த முறை கீழே இறங்கவில்லை.

“பரவாயில்லம்மா, நான் கதவுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கறேன்” என்றான் அவன், அவரைப் பார்த்ததும் தனக்கும் அதே சோப்பு வாடை அடிக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு.