சனிக்கிழமைப் புத்தகம்

தொண்ணூற்றெட்டு கோடை லீவில் என் பெண் தீப்தி வாரத்துக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் படித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். எடுத்து வருவது அவள் அப்பா பொறுப்பு. சனிக்கிழமை அலிப்பூரில் ஆபீஸ் முடிந்ததும் தமிழ்ச் சங்கத்து லைப்ரரிக்குப் போய், பைண்டு செய்த ஏதோ ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு சால்ட் லேக் பஸ் பிடிப்பார். வந்ததும் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "நல்ல புஸ்தகம், படி" என்பார். அதோடு சரி.

பத்து வயதுக் குழந்தைக்கு முதல் வாரம் ஒரு சரித்திர நாவலின் மூன்றாம் பாகம் வந்தது. அடுத்த வாரம் வாஸ்து. மூன்றாவது வாரம் கர்ப்பிணிகளுக்கான உணவுமுறை. முதல் பக்கத்தில் ஒரு தாயும் மடியில் குழந்தையுமாகப் படம். நானும் தீப்தியும் சமையலறையில் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் பிறந்தது, படித்ததெல்லாம் இதே கல்கத்தாவில். பெங்காலிப் பேப்பரைக் கடைசி எழுத்துவரை விடமாட்டார். தமிழ் என்றால் மட்டும் மனுஷனுக்கு இளப்பம் என்று எனக்கு உள்ளூர ஒரு கோபம் உண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் மஹாதேவனும் மனைவி சகுந்தலாவும் டாக்குரியாவிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இவரை நன்றாக வாரிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே எனக்கு நாக்கு துறுதுறுத்தது. டிபன் முடிந்ததும் அந்த உணவுமுறைப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"பொண்ணுக்கு என்ன செலக்ட் பண்ணியிருக்கேள்னு எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்கோ."

"இப்ப எதுக்கு வசுமதி? அவ படிச்சுக்கட்டும்."

"ஒரு பக்கம்தானே? படிங்கோன்னா."

"படிடா விஸ்வநாதா," என்றார் மஹாதேவனும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். புத்தகத்தைப் பிரித்து, "ஒரு ஊர்ல ஒரு அம்மா," என்றார். "அவளுக்கு ஒரு குழந்தை. அது... அது தூங்கவே மாட்டேங்கறது."

படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் எழுத்துப் பக்கம் போகவே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணப் பத்திரிகை வந்தால் "நீயே படி" என்று நீட்டுவது. பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்தபோது நான் பக்கம் பக்கமாக எழுதிய கடிதங்களுக்கு இங்கிலீஷில் நாலு வரி பதில். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை. கூசிப்போனேன். விளையாட்டு போதும் என்று அப்போதே புத்தகத்தை வாங்கியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தேன்.

"அப்புறம்?" என்றாள் சகுந்தலா. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

தீப்தி எழுந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். "நீ ரொம்ப மெதுவா படிக்கறே அப்பா. குடு, நான் படிக்கறேன்." விரலை எழுத்தின்மேல் வைத்தாள். "அதனால அந்த அம்மா என்ன பண்ணினா, சந்தைக்குப் போய்க் கொஞ்சம் தூக்கம் வாங்கிண்டு வந்தா..."

அந்தப் பக்கத்தில் இருந்தது, எந்த மாதம் எவ்வளவு கீரை சாப்பிடலாம் என்ற பட்டியல். அவள் விரல் வரி வரியாக இறங்க, கதை தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது. சகுந்தலா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் தீப்தி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிடாதே அம்மா என்று கெஞ்சுகிற பார்வை. பெற்ற பெண் என்னைப் பார்த்து அப்படிப் பயப்படும்படி ஆகிவிட்டது.

விரல் கடைசி வரிக்கு வந்தது. அவர் மெதுவாகத் தாளைத் திருப்பி, அவளுக்காக விரித்துப் பிடித்துக்கொண்டார்.