வியர்வை வைத்தியம்

ஆறு மாதமாக என் வீட்டுக்காரர் யுவராஜ் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. "இருந்து என்னத்தக் கண்டோம் மலரு" என்று ஒருநாள் சொன்னதிலிருந்து அவரைத் தனியாக விட எனக்குப் பயம். சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்து, "தினமும் உடம்பு நல்லா அசையணும், வேர்க்கணும். மனசு லேசாகும்" என்றார்.

நான்தான் பெரிய புத்திசாலியாயிற்றே! நாங்கள் வேலை பார்க்கும் காபி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடேஷிடம் கெஞ்சி, கொட்டை காயவைக்கும் களத்திலிருந்து அவரைக் குழிவெட்டும் வேலைக்கு மாற்றினேன். கன்று நடுவதற்கான குழி. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும் மண். மூன்று வாரம் வேர்த்து ஊற்றியது. நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவர் அதையும் நிறுத்தினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுபடி சேலத்துக்குப் போய்ச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அது வேலைம்மா. நடக்கிறதோ, விளையாடுறதோ, அவருக்குப் பிடிச்சதாப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை ஏரிப்பக்கம் கூட்டிப்போனேன். டூரிஸ்ட்டுகள் ஷூ போட்டு, காதில் பாட்டு கேட்டபடி நடந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் இவரைக் காணோம். யாருடைய தோட்டத்து வேலியோரமோ நின்று, காபிச்செடியில் வேண்டாத தளிர்களை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது நம்ம எஸ்டேட்டுங்களா?"

அவர் தன் கையையே பார்த்தார். "கை தானாப் போவுது மலரு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"உங்களுக்கு எதுதானுங்க புடிக்கும்? ஓடறதா, பந்தாடறதா, திருவிழாவுல ஆடறதா? ஒன்னாச்சும் சொல்லுங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். நொடிக்கொரு தரம் உதடு அசைந்து நின்றது.

"வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து தோட்டந்தான். இப்படி யாரும் கேட்டதில்லையே."

பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உனக்கு என்ன புடிக்கும்? சொல்லு, ரெண்டு பேருமாச் செய்யலாம்."

ஆறு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. கண்ணில் ஒரு ஆசைகூடத் தெரிந்தது. பொய்யாகவாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். பழம் பறித்தது, மூட்டை சுமந்தது, விறகு பொறுக்கியது தவிர என் உடம்பு வேறு என்ன செய்தது என்று எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.