நாலாவது கேசட்டிலிருந்து ஆரம்பி

நான்கு கேசட்டுகளின் மேலும் தாரிணியின் விரல் தயங்கித் தயங்கி நகர்கிறது, எதை முதலில் தொடுவதென்று தெரியாமல், என் சாப்பாட்டு மேசையில் அவள் பரப்பிவைத்த நான்கு அட்டைகளிலும் எங்கள் பேண்டின் பாடகன் கிளமென்ட் சிரிக்கிறான், ஒன்றில் தாடியோடு, ஒன்றில் தாடியில்லாமல், இருபது வருஷமாகக் கண்ணில் படக்கூடாதென்று நான் விலகிப்போன சிரிப்பு, யூடியூபில் பழைய பாட்டுகளைப் பற்றிப் பேசுகிற பெண் இவள், ஆன்ட்டி, ‘கடைசி லோக்கல்’ங்கற உங்க பேண்ட புதுசா கேக்கறவங்க எதுலேர்ந்து ஆரம்பிக்கணும், ஒண்ணு ஒரே கிட்டார் சத்தம், ஒண்ணு ஆர்கன், ஒண்ணுல தவில், நாலும் நாலு பேண்ட் மாதிரி இருக்கு, கிளமென்ட் சார கேட்டேன், கீபோர்டு வாசிச்ச பொண்ணு பெரம்பூர்லதான் இருக்கு, அதுகிட்ட கேளு, கரெக்டா சொல்லும்னார், என்கிறாள். பொண்ணாம், அதுவாம், அன்றைக்கும் எனக்குப் பெயர் கிடையாது.

அந்த நாட்களில் சர்ச்சில், ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க வரிசை நீண்டுகொண்டே போகிறது, பாடகர் குழு பாடி முடித்தும் வரிசை முடியவில்லை, மிச்ச நேரத்தை நிரப்புவது கீபோர்டுக்காரியின் வேலை, யாரும் கவனிக்காத அந்த நேரத்தில்தான் எனக்கென்று எதையாவது வாசிப்பேன், சாமியார் கடைசி ஆளுக்கு அப்பம் கொடுத்துத் திரும்பியதும் நிறுத்திவிட வேண்டும், கைகூப்பி வரிசையில் நின்ற கிளமென்ட் மட்டும் கேட்டிருக்கிறான், வாசலில் பிடித்துக்கொண்டான், ஏய், அது இன்னா டியூனு, இன்னொருவாட்டி வாசியேன், அவன் வீட்டு மொட்டைமாடி அறையில் வாசிக்கிறேன், மைக்கில் சத்தம் விழுமென்று ஃபேனை அணைத்துவிட்டார்கள், வியர்வை கட்டைகளின் மேல் சொட்டுகிறது, எனக்குச் சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம், இரண்டாவது கேசட் முழுக்க என் மெட்டுகள், வெளிவந்த அன்று அட்டையைத் திருப்பினேன், இசை கிளமென்ட், பாடல் கிளமென்ட், நான் எங்கேயும் இல்லை. போய்க் கேட்டபோது அவன் முகம்கூட மாறவில்லை, சர்ச்ல வாசிச்சது ஆண்டவருக்கு வாசிச்சது, அது எல்லாருக்கும் பொது, நீ எப்பிடி சொந்தம் கொண்டாடுவ. அன்றோடு பேண்டை விட்டு வந்தேன், டிரம்மரிடம் சொன்னேன், பேட்டி எடுக்க வந்தவர்களிடம் சொன்னேன், கட்டிக்கொண்டவரிடம் சொன்னேன், எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு அவன் பாட்டென்றே முணுமுணுத்தார்கள், சில நாள் கனவில் அந்த வரிசை முடிவதேயில்லை, வருகிறவர்கள் எல்லோருக்கும் கிளமென்ட் முகம், கையை எடுக்க முடியாமல் நான் வாசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நாலாவதுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு, என்று தாரிணியிடம் சொல்கிறேன், ‘எரிமலைக்குத் தாகம்’ என்று பெயர் வைத்து யார் துணையும் இல்லாமல் அவனே மெட்டுப்போட்ட கேசட், முழுக்கச் சொந்தச் சரக்கு, ஒவ்வொரு பாட்டும் மேடேற முடியாத தண்ணீர் லாரி மாதிரி முக்கும், கேட்கிறவர்கள் பாதியிலேயே ஓடட்டும், அவன் பக்கமே திரும்பாமல் போகட்டும். ஐயோ, அதுவா ஆன்ட்டி, ரெண்டாவதுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன், அந்த ஆர்கன் பாட்ட கேட்டுத்தானே இந்த பேண்ட் பின்னாடியே சுத்தறேன், என்று சொல்லி அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள் தாரிணி, சுருதி விலகித்தான் பாடுகிறாள், ஆனாலும் அது என் மெட்டு, மேசைக்கு அடியில் என் விரல்கள் தாமாக அசைகின்றன, பாவி, அவனைப் புதைக்கிற குழியில் இதையுமா தள்ளப் பார்த்தேன். அவள் இரண்டாவது, நாலாவது கேசட்டுகளின் அட்டைகளைத் திருப்பிப் பார்க்கிறாள், ரெண்டுலயும் இசை கிளமென்ட்னே போட்டிருக்கு, அடுத்தடுத்து கேட்டா ரெண்டும் ஒரே ஆள் போட்டதுன்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க ஆன்ட்டி.

இத்தனை வருஷம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை. அப்ப அப்படியே சொல்லு, முதல்ல நாலாவது, அது முடிஞ்ச கையோட ரெண்டாவது, நடுவுல வேற எதுவும் வேணாம், நான் சொன்னேன்னே சொல்லு, அவர்தானே என்கிட்ட கேக்கச் சொன்னார். தாரிணி அந்த இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாள், மாறிமாறிப் பார்க்கிறாள், அப்படின்னா ரெண்டாவத யாரு ஆன்ட்டி போட்டாங்க, என்று மெதுவாகக் கேட்கிறாள், இருபது வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள், வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொள்கிறேன், நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இனி இரண்டையும் அடுத்தடுத்து அவனே பாடிக் காட்டட்டும், ஊரே கேட்கட்டும்.