தவுங் என்ற சொல்

14-9-1926, செவ்வாய். இன்று வகுப்பில் ஒரு சிறு பிழை செய்தேன். 'தவுங்' என்ற பர்மியச் சொல்லுக்கு இரண்டு பொருள் எழுதச் சொன்னார் சயா. நான் 'தெற்கு' என்று ஒன்றை மட்டும் எழுதினேன். ஒரு மார்க் போயிற்று.

இவ்வளவு எழுதியதும் சபாபதியின் பேனா நின்றுவிட்டது. ரங்கூன் கியாக்டடாவில் ஒரு காகிதக் கிடங்கின் மாடியில்தான் குமாஸ்தாக்களுக்கு மாலை வகுப்பு. மழை விடட்டும் என்று அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து நாட்குறிப்பை எடுத்திருந்தான். பர்மியம் அவனுக்குப் பேச வரும். துறைமுகத்தில் காதால் பிடித்த மொழி. எழுத்துதான் வராது. அதற்காகவே இந்த வகுப்பு.

கரும்பலகையில் பர்மிய வாத்தியார் சயா ஊ போ தின் எழுதிய சொல் இன்னும் அழியாமல் இருந்தது. அதன் கீழே இரண்டு கோடு. ஒரு கோட்டின் முனையில் தெற்கு. இன்னொரு முனையில் மலை. ஒரே எழுத்து, ஒரே சத்தம்.

"என்ன மாஸ்டர், ஒரு மார்க்குக்கா இவ்வளவு துக்கம்?" என்றான் அப்துல் பாரி. ஜவுளிக்கடைக் கணக்கன், பக்கத்துப் பெஞ்சுக்காரன். "எனக்கு ஆறு போச்சு. நான் மோஹிங்கா திங்கப் போறேன்."

"பாரி, தவுங்னா மலைன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? போப்பா தவுங், போப்பா தவுங்னு நூறு தடவ சொன்ன ஆளு நீங்கதான. கம்பெனி உங்கள அந்த மலைக்கு அனுப்பி வச்சதுல ரங்கூனே காது வலிச்சுப் போச்சு."

அது உண்மை. தெரியாத சொல் அல்ல. ஆனால் ஜனவரி மாதத்திலிருந்து அந்தச் சொல் அவன் மனத்தில் தெற்கு என்றே உறைந்து போயிருந்தது. அப்படி இருக்கவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான்.

அவனுடைய அண்ணன் தங்கவேலு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண்டலேக்கு மர அறுவை மில் வேலைக்குப் போனவன். மாதம் தவறாமல் கடிதம் வரும். போன வருஷம் தீபாவளிக்குப் பிறகு வரவில்லை. அண்ணன் மனைவி ரத்தினம்மாள் பசுண்டான் ஓடைக்கரையில், சபாபதியும் இருக்கிற லைன் வீட்டில், தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனாள். அந்தச் சமயத்தில்தான் சபாபதி வேலை பார்த்த, ஊர் சுற்றிக் காட்டும் கம்பெனி, ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை மண்டலேக்கு அழைத்துப் போக அவனைத் துபாஷியாக அனுப்பியது. வடக்கே ராஜா இருந்த தலைநகரம், அதன் பிறகு போப்பா என்ற அணைந்து போன நெருப்பு மலை. பதினோரு நாள் பயணம்.

அண்ணி வழிச்செலவுக்குச் சோளமுறுக்கு கட்டிக் கொடுத்தாள். "ஊரைக் காட்டிக்கிட்டே அவரையும் தேடுங்க தம்பி" என்றாள்.

மண்டலேயில் முதல் நாள் அரண்மனை அகழி. இரண்டாம் நாள் குன்றுப் படிகள். அவன் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, பாதியில் யாரோ தண்ணீர் கேட்க எண்ணிக்கை தவறி, அதற்காக அன்றைய குறிப்பில் தன்னையே கடிந்துகொண்டான். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தது. அண்ணன் குடியிருந்த வீட்டைத் தேடி ஓடினான். வீட்டுக்காரி டோ மியா வாசலில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தவுங் பெட் துவாடே" என்றாள், கையை நீட்டி. தவுங் பக்கம் போய்விட்டான்.

அவள் கை தெற்கே நீண்டது. ரங்கூன் தெற்கே. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான், நான்தான் இங்கே வந்து தேடுகிறேன். எப்போது போனான் என்று மட்டும் கேட்டான். ஒரு மாதம் இருக்கும் என்றாள். வழியில் வேலை பார்த்துக்கொண்டு மெதுவாக வருவான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மறுகேள்வி கேட்க நேரமில்லை. கூட வந்த கண்ட்ராக்டர் வீட்டு ஜெயம்மா கடைத்தெருவில் பட்டு லுங்கி பேரம் பேச ஆள் இல்லாமல் நின்றிருப்பாள். சந்தேகமான எதற்கும் ஓரத்தில் கேள்விக்குறி போடுவது அவன் பழக்கம். படி எண்ணிக்கைக்குக்கூடப் போட்டிருந்தான். 'அண்ணன் தெற்கே புறப்பட்டுவிட்டான்' என்ற வரிக்குப் போடவில்லை.

போப்பா மலையும் மண்டலேக்குத் தெற்கேதான்.

ஐந்து நாள் கழித்து அந்த மலையடியில் நின்று, நெருப்பு கக்கிய காலத்தைப் பற்றி அவன்தான் எல்லாருக்கும் விளக்கினான்.

"உள்ளுக்குள்ள இன்னும் நெருப்பு இருக்குமா தம்பி?" என்று கேட்டாள் ஜெயம்மா. "இல்ல எங்க மாமியார் மாதிரி அணைஞ்சாப்ல இருந்துட்டு நாள் கிழமையில வெடிக்குமா?"

"இல்லைங்க. முழுசா அணைஞ்சு போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இப்போது வகுப்பில் சபாபதி நாட்குறிப்பை மூடினான். "பாரி, உங்க மாமா அந்த மலைப்பக்கம்தான கடை வச்சிருக்காரு?"

"இனாயத்துல்லா மாமாவா? ஆமா, அடிவாரத்துல. ஏன்?"

"அங்க நம்ம ஆளுங்க யாராவது வேலைக்குப் போவாங்களா?"

"புது ரயில் பாதைக்கு மண் வெட்ட மில்லுல இருந்தெல்லாம் ஆள் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, போன வருஷம். ஆனா மழைக்கு முன்னாடியே அந்தக் கூலி லைனைக் கலைச்சுட்டாங்கன்னு மாமா எழுதியிருந்தாரு. விஷக் காய்ச்சல். போனது போக மிச்சம் பேரு எங்க சிதறினாங்கன்னு மேஸ்திரிக்கே தெரியாதாம்." பாரி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். மோஹிங்காவைப் பற்றி மறுபடி பேசவில்லை. கூடவே ஓடைப்பாலம் வரை குடை பிடித்து வந்து, "அட்ரஸ் நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லித் திரும்பினான்.

அண்ணி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே ஆணியில் அவள் குடை தொங்கியது. தினமும் காலையில் மண்டலே மெயில் வரும் நேரத்துக்கு அந்தக் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் வருவாள். மார்ச் மாதம் அவளுடைய தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி அழைத்துப் போக வந்தார். "அவர் தெற்கே கிளம்பிட்டாருன்னு தம்பி கேட்டுட்டு வந்திருக்காங்க. வந்து வீடு பூட்டியிருந்தா என்ன நினைப்பாரு?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லித்தான் அவர் போனார்.

"அண்ணி, நான் தப்பா எழுதிட்டேன்."

"ஆபீஸ்லயா?"

"மண்டலேல. அந்தம்மா சொன்னது தெற்கே இல்ல போலிருக்கு. மலைப்பக்கம்."

அவள் விரல் அரிசியில் நின்றது. "எந்த மலை?"

"போப்பா."

"நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து கதை கதையா சொன்னீங்களே, அதுவா?"

"அதேதான்."

"அன்னிக்கு எழுதினது இருக்கா? படிங்க."

அவன் ஜனவரிப் பக்கத்தைத் திருப்பினான். "மண் கறுப்பு, சாம்பல் கலந்தது. காற்று குளிர்ச்சி. படி ஓரம் குரங்குகள் பதினேழு. திரும்பும் வழியில் இடப்பக்கம் கூலி லைன், ஓலைக் கூரை. தமிழ்ப் பேச்சு கேட்டது. வண்டி நிற்கவில்லை."

"என்ன பேசினாங்க?"

"எழுதலை அண்ணி."



"குரங்கை எண்ணியிருக்கீங்க" என்றாள்.

அவன் நாட்குறிப்பை மடியில் கவிழ்த்தான்.

"இப்பவும் இருக்காங்களா, அந்த லைன்ல?"

"மழைக்கு முன்னாடி கலைச்சுட்டாங்களாம்."

"எதுக்கு?"

"காய்ச்சல்."

அவள் எழுந்து கதவருகே போனாள். குடையை ஆணியிலிருந்து எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மடித்துத் தகரப் பெட்டிக்குப் பின்னால் செருகினாள். பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கல் பொறுக்கத் தொடங்கினாள்.

சபாபதி ஜனவரிப் பக்கத்தில் 'அண்ணன் தெற்கே புறப்பட்டுவிட்டான்' என்ற வரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டான். எட்டு மாதம் கழித்துப் போட்ட அந்தக் குறியின் மை மற்றதைவிடக் கறுப்பாக, தனியாகத் தெரிந்தது. அப்புறம் இன்றைய பக்கத்தைத் திருப்பி, ஒரு மார்க் போயிற்று என்பதற்குக் கீழே எழுதினான்.

நாளை: பாரியிடம் அட்ரஸ் வாங்கி இனாயத்துல்லா ராவுத்தருக்குக் கடிதம் எழுதவேண்டும். மேஸ்திரியின் ஆள் பட்டியலில் தங்கவேலு என்ற பெயர் உண்டா என்று கேட்கவேண்டும். புதைத்தவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லவேண்டும். அண்ணனுக்கு இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும் என்பதை மறக்காமல் குறிப்பிடவேண்டும்.