காற்று நின்ற வாளி

புருஷனுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்த நாள் முதல் அவளுக்கு ஓய்வு போயிற்று. முதலில் கித்தார், பிறகு பறவை பார்த்தல், இப்போது மொட்டைமாடியில் கம்போஸ்ட் டீ. மட்கிய உரத்தைத் துணிப்பையில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு, கொஞ்சம் சர்க்கரைப்பாகு ஊற்றி, மீன்தொட்டி மோட்டாரால் விடாமல் காற்று செலுத்தினால் நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகும்; செடிக்கு ஊற்றினால் நல்ல ஊட்டம். அதில் தப்பொன்றுமில்லை. துணிப்பை கட்டியதும் தண்ணீர் சுமந்ததும் அவள். வீடியோ போடுவதற்காகச் செல்போன் முன்னால் நின்று வாய் கிழியப் பேசியது அவர். மனசுக்குள் அவருக்கு டீ மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

மோட்டார் சத்தம் தன் குரலை அமுக்குகிறதென்று ஒரு நாள் சாயங்காலம் டீ மாஸ்டர் அதை நிறுத்தினார். வீடியோ எடுத்து முடித்து, கீழே போய், தன் முகத்தைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்து ரசித்தவருக்கு மோட்டார் ஞாபகமே வரவில்லை. மறுநாள் காலையில் வாளியில் நுரை இல்லை. அடைத்துக்கொண்ட சாக்கடையின் நாற்றம் மாடி முழுக்க அடித்தது.

அவளுடைய தக்காளிச் செடிகள் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தன. விதை போட்டது முதல் அவள் கையில் வளர்ந்தவை. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை. அவற்றின் எதிரே செல்போனை நிறுத்திவிட்டு, மக்கில் வாளித் தண்ணீரை மொண்டுகொண்டு நின்றார் அவர்.

"என்னங்க, இது கெட்டுப்போச்சு. நல்லா இருந்தா மண்வாசனை வரணும். ஊத்துனா செடி போயிடும்."

"உனக்கு என்ன தெரியும்? வீரியம் ஜாஸ்தியானா இப்படித்தான் இருக்கும்."

"ராத்திரி பூரா மோட்டார் ஓடலையே?"

"தொணதொணக்காத. நேரலை ஆரம்பிக்குது." செல்போனைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "நண்பர்களே, காட்டு மண்ணோட வாசனை அப்படியே வருது!" மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னதில் குரல் சளி பிடித்ததுபோல் வந்தது.

மாடி மூலையில் தொட்டியில் ஒரு போன்சாய் குட்டை மரம் இருந்தது. கொழுத்த விலை கொடுத்து அவர் வாங்கியது. அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூட அவளுக்கு அனுமதி கிடையாது. அவள் செல்போனை எடுத்து அந்த மரத்தின் எதிரே நிறுத்தினாள்.

"முதல்ல உங்க மரத்துக்கு ஊத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

மக் பாதியில் நின்றது.

"அது வேணாம்மா. அது தாங்காது."

"என் செடி மட்டும் தாங்குமா?"

ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சுக்குப் பேர்போன மனிதர் மக்கை மெல்ல வாளிக்குள்ளேயே கவிழ்த்தார். இவ்வளவு சின்ன ஆளோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வாளியைத் தூக்கிப்போய்ச் சாக்கடைக் குழாயில் கவிழ்த்தாள். கழுவிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து, வேறு துணிப்பையில் உரம் கட்டித் தொங்கவிட்டு, மோட்டாரைப் போட்டாள்.

"இனிமே இதை நான் பாத்துக்கறேன். நீங்க கீழ போய்ப் பேசுங்க. அங்க மோட்டார் சத்தம் இருக்காது."